வாசல் பேய்க்கு எது தோது: ஃபோமா, காகிதக்கூழா, மோட்டாரா?

அமெரிக்காவில் கோடை முடிவதற்குள்ளேயே, வீட்டு மராமத்துச் சாமான் விற்கும் ஹோம் டிப்போ கடைகளில் 12 அடி எலும்புக்கூடு வந்து நின்றுவிடுகிறது. 2020-ல் 299 டாலர் விலையில் அறிமுகமாகி, மளமளவென்று விற்றுத் தீர்ந்த உருப்படி அது. வாங்கி வாசலில் நட்டுவிட்டால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஒரே பிற்பகலில் வேலையும் முடிந்துவிடும். வாசலில் பேய் நிறுத்தி, பிள்ளைகள் வேஷம் போட்டு வீடுவீடாக மிட்டாய் வாங்கப் போகும் ஹாலோவீனைக் கடையிலேயே முடித்துக்கொள்வதில் தப்பு ஒன்றும் இல்லை. 2023-ல் அமெரிக்கர்கள் இந்த ஒரு பண்டிகைக்கு 1,220 கோடி டாலர் செலவழிப்பார்கள் என்று அந்நாட்டின் சில்லறை வணிகக் கூட்டமைப்பு கணித்தது. பெரும்பாலோர் வழி அதுதான்.

வீட்டில் ஆறு வயதிலும் பன்னிரண்டு வயதிலும் பிள்ளைகள் இருந்து, "நாமளே செய்யலாம்ப்பா" என்று ஆரம்பித்துவிட்டால் கணக்கு வேறு. அப்போது கேள்வி எதைச் செய்வது என்பதுதான். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் 31 வரை கிடைப்பதே ஆறேழு வார இறுதிகள். அதிலும் பாதியைக் கால்பந்தும், பிறந்தநாள் விருந்தும், நவராத்திரிக் கொலு அழைப்பும் தின்றுவிடும். 2024-ல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்து விழுந்தன. கையில் இருக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் தொட்டால் எதுவும் முடியாது.

நான் ஒப்பிடும்போது நான்கு விஷயம் பார்க்கிறேன். பிள்ளைகளின் கை அந்த வேலையில் எவ்வளவு படும்? மழையும் காற்றும் வந்தால் தாங்குமா? நவம்பரில் அதை எங்கே வைப்பது? இருட்டில் இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் எப்படி இருக்கும்? முக்கியத்துவமும் இதே வரிசைதான். எவ்வளவு பயமாக இருக்கிறது என்பதைப் பலரும் முதலில் வைப்பார்கள். எனக்கு அது கடைசி. இருட்டில், கீழிருந்து ஒரு பச்சை விளக்கைப் போட்டால் துவைத்துக் காயப்போட்ட போர்வைகூடப் பயமுறுத்தும்.

ஃபோம் கல்லறைகள்

வாசல் பேய்க்காட்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஆரம்பிக்கிறார்கள். காரணம் இருக்கிறது: செலவுக்குக் கிடைக்கும் பலன் அதிகம்.

நாம் தெர்மாகோல் என்று சொல்லும் மணிமணியான வெள்ளைப் பலகை இதற்கு ஆகாது. அறுத்தால் மணி உதிர்ந்து புல்வெளியெங்கும் பறக்கும், பொறுக்கி மாளாது. வீட்டுச் சுவரில் குளிர் புகாமல் இருக்க அடிக்கும் எக்ஸ்.பி.எஸ். பலகைதான் சரி. ஓவன்ஸ் கார்னிங் தயாரிப்பு இளஞ்சிவப்பில் வரும். 4-க்கு 8 அடி, 2 அங்குல கனத்தில் ஒரு பலகை வாங்கினால், 3 அடி உயரம் 2 அடி அகலத்தில் நான்கு பெரிய கல்லும், மிச்சத்தில் இரண்டு சின்னக் கல்லும் தேறும். குளிர் குறைந்த தெற்கு மாநிலங்களில் இந்தப் பலகை எல்லாக் கடையிலும் கிடைக்காது; அங்கே இருப்பவர்கள் முதலில் அதை விசாரித்துவிட்டுத் திட்டம் போடலாம்.

வெட்டுவது பெரியவர் வேலை. எழுத்தை ட்ரெமல் என்ற சுழலும் கைக்கருவியால் குடைந்தால் வரும் தூள் கையில், மூக்குக்கண்ணாடியில், பூனைமேல் எல்லாம் ஒட்டிக்கொண்டு தட்டினாலும் போகாது. சூடான கம்பியால் அறுத்தால் தூள் வராது, ஆனால் புகை நல்லதல்ல. எதுவானாலும் கராஜ் கதவைத் திறந்துவைத்து, முகமூடி போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். இங்கே பிள்ளைகள் வெறும் வேடிக்கை பார்ப்பவர்கள்.

அவர்கள் முறை பெயின்ட்டில் வருகிறது. முதலில் கல் முழுக்கக் கறுப்பு லேடெக்ஸ் பெயின்ட், அதாவது தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ட். அது காய்ந்தபின் சாம்பல் நிறத்தில் பிரஷ்ஷைத் தொட்டு, பழைய துணியில் கிட்டத்தட்ட முழுதாகத் துடைத்துவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் மேலோட்டமாக இழுக்க வேண்டும். குழிக்குள் கறுப்பு அப்படியே நிற்க, மேடான இடத்தில் மட்டும் சாம்பல் ஏறும். ஆறு வயதுக் குழந்தை இழுத்தாலும் அது கல்லாகவே தெரியும். தப்பாகச் செய்ய வழியே இல்லாத வேலை. பெயின்ட்டுக்குப் புது டப்பா வாங்க வேண்டாம். கலர் தவறாகக் கலந்துபோன டப்பாக்களைப் பெரிய கடைகளில் ஓரமாக அடுக்கி அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடுவார்கள். ஸ்ப்ரே பெயின்ட்டை மட்டும் வெறும் ஃபோமில் நேராக அடிக்கக் கூடாது. அதிலுள்ள கரைப்பான் ஃபோமை அரித்துவிடும். வேண்டுமென்றே ஓரிரு இடத்தில் அப்படி அரிக்கவிட்டு, நூறு வருஷம் மழையில் நின்ற கல் மாதிரி பொக்கையாக்குகிறவர்களும் உண்டு.

கல்வெட்டு வாசகத்தைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். "புரோக்கோலி, 2019 - 2024. யாரும் அழவில்லை" என்ற தரத்தில் வரும். பெரியவர்கள் யோசித்து எழுதுவதைவிட அதுதான் தெருவில் பேர் வாங்குகிறது.

இதன் பலவீனம் காற்று. ஃபோம் கல்லுக்கு எடையே கிடையாது. அடியில் இரண்டு ஓட்டை போட்டு அரை அங்குல பி.வி.சி. குழாயைச் செருகி, தரையில் அடித்த இரும்புக் கம்பிமேல் அந்தக் குழாயை மாட்டிவிட்டால் அசையாது. நியூஜெர்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011-ல் அக்டோபர் 29 அன்று பனி கொட்டியது. அடுத்த வருஷம் அதே தேதியில் சாண்டி புயல் கரையேறி, ஆளுநர் ஹாலோவீனையே நவம்பர் 5-க்குத் தள்ளிவைத்தார். நவம்பர் வந்ததும் கற்களைத் தட்டையாக அடுக்கிச் சுவரோரம் சாய்த்துவிடலாம், பத்து வருஷமானாலும் கெடாது. இடவசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை.

காகிதக்கூழ்

செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. பழைய செய்தித்தாள், மைதா, தண்ணீர் போதும். சுவரொட்டி ஒட்ட மைதாப் பசை காய்ச்சிப் பார்த்த கைக்கு இது புதிய வித்தையும் அல்ல. கொலுப்படியில் லேசாக இருக்கும் பொம்மைகள் பலவும் காகிதக்கூழ்தான்.

பூசணித்தலைப் பேய் ஒன்று செய்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு பிளாஸ்டிக் பையில் செய்தித்தாளைக் கசக்கி உருண்டையாக அடைக்க வேண்டும். மேலிருந்து கீழாகச் சணல் கயிற்றைச் சுற்றி இழுத்துக் கட்டினால், கயிறு அழுந்தும் இடம் பள்ளமாகவும் நடுவில் பிதுங்குவது மேடாகவும் பூசணியின் வரிவரியான உடம்பு தானாக வந்துவிடும். அதன்மேல் ஒரு அங்குலப் பட்டைகளைப் பசையில் முக்கி, இரண்டு விரலுக்கு நடுவே இழுத்து அதிகப்படிப் பசையை வழித்துவிட்டு ஒட்ட வேண்டும். காகிதத்தைக் கத்தரிக்காமல் கிழிப்பதே நல்லது. கிழிந்த ஓரம் அடுத்ததோடு கலந்து தடம் தெரியாமல் போகும். ஒரு அடுக்கு செய்தித்தாள், அடுத்த அடுக்கு பழுப்பு நிற மளிகைப் பை என்று மாற்றி மாற்றிப் போட்டால், எங்கே விட்டுப்போனது என்று சின்னவர்களுக்கே கண்ணில் படும். மூன்று நான்கு அடுக்கு போட்டு, கண்ணும் வாயும் அறுத்து, உள்ளே அடைத்ததை உருவிவிட்டால் தலை தயார்.

இந்த வேலையில் பெரியவருக்கென்று தனி இடமே கிடையாது. நான்கு பேர் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒட்டலாம், ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி உட்பட. சூடு இல்லை, கத்தி இல்லை (கடைசியில் கண் அறுப்பதைத் தவிர), வாசனை இல்லை. என் முதல் அளவுகோலில் இதற்கு ஈடு எதுவுமில்லை.

சிக்கல் ஈரத்தில். ஒரு அடுக்கு நன்றாகக் காய ஒரு நாளாவது வேண்டும். மழைநாளில் இரண்டும் ஆகும். காயாத அடுக்கின்மேல் அடுத்ததைப் போட்டால் உள்ளே பூஞ்சணம் பிடித்து, ஒரு வாரத்தில் நிஜமாகவே பிணவாடை வரும். பசையில் கொஞ்சம் உப்பு சேர்ப்பதும், மின்விசிறிக்கு எதிரே வைப்பதும் உதவும். வெளியில் வைக்கப்போவதால் பெயின்ட்டுக்குப் பிறகு வெளிப்புற வார்னிஷை உள்ளும் புறமும் அடிக்க வேண்டும். உள்பக்கத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள். தண்ணீர் ஏறுவதோ அடிவிளிம்பு வழியாக, ஆகவே புல்லில் நேராக உட்காரவைக்காமல் கம்பில் தூக்கி நிறுத்துவது மேல். சேமிப்பும் தலைவலி. மைதா என்றால் எலிக்குக் கொண்டாட்டம். அழுத்தினால் நசுங்கும், அடுக்கவும் முடியாது. பேஸ்மென்ட்டில் ஈரம் இருந்தால் அடுத்த வருஷம் அது இருக்காது.

இதற்கு ஒரு முரட்டு அண்ணன் உண்டு: ஆங்கிலத்தில் மான்ஸ்டர் மட் என்பார்கள். சுவர்ப் பலகை இணைப்பில் பூசும் ஜாயின்ட் காம்பவுண்ட் ஐந்து பங்கு, லேடெக்ஸ் பெயின்ட் ஒரு பங்கு. இதில் சாக்குத் துணியை முக்கி, மரச்சட்டமும் கோழிவலையும் வைத்துக் கட்டிய உருவத்தின்மேல் போர்த்தினால், காய்ந்ததும் மடிப்பு மடிப்பாகக் கற்சிலை மாதிரி நிற்கும். அழகில் இதை அடிக்க ஆளில்லை, சேற்றில் குளித்த மாதிரி வரும் பிள்ளைகளுக்கும் ஒரே குஷி. ஆனால் பெரிய வாளி காம்பவுண்ட் ஒன்றே இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்கும். அத்தனையும் அந்த உருவத்தின்மேல் ஏறப்போகிறது. நகர்த்த இரண்டு பேர் வேண்டும், இடித்தால் வெடிப்பு விடும். சொந்தமாக ஷெட் இருந்தால் செய்யுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

பாதி கடை, பாதி கை

கடையில் விற்கும் ஐந்தடி பிளாஸ்டிக் எலும்புக்கூடு அப்படியே வைத்தால் பொம்மை. அதற்குத் தோல் போர்த்துவதுதான் வேலை. பெயின்ட் அடிக்கும்போது தரையில் விரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை எலும்புக்கூட்டின்மேல் இரண்டு மூன்று சுற்றாகச் சுற்றி, சூடான காற்றை ஊதும் ஹீட் கன் காட்டினால் தாள் சுருங்கி விலா எலும்போடு ஒட்டி, அங்கங்கே கிழிந்து, பல வருஷம் மண்ணுக்குள் கிடந்த தோல் மாதிரி ஆகிவிடும். மேலே மரத்துக்கு அடிக்கும் பழுப்பு ஸ்டெயினைப் பூசித் துடைத்தால் முடிந்தது. ஒரு பிற்பகல் போதும். மழைக்குப் பயமில்லை, நவம்பரில் கராஜ் ஆணியில் தொங்கவிட்டுவிடலாம்.

உருகும் பிளாஸ்டிக் புகை பிள்ளைகள் அருகில் இருக்க வேண்டிய சமாச்சாரம் அல்ல. சுற்றுவது அவர்கள், சூடு காட்டுவது நீங்கள், அதுவும் திறந்த வெளியில். சூடே வேண்டாம் என்றால் பழைய காலுறைத் துணியை, அதாவது பெண்கள் போடும் நைலான் ஸ்டாக்கிங்கை, எலும்புக்கூட்டுக்கு மாட்டி ஓட்டை போட்டு இழுத்துக் கிழித்துவிட்டு, பழுப்பு பெயின்ட் தடவலாம். முந்தையது அளவுக்கு வராது, ஆனால் முழுக்க முழுக்கப் பிள்ளைகள் கையால் ஆகும்.

அசைகிற பேய்

ஒரே ஒரு பேய் அசைந்தாலும் மொத்த வாசலும் உயிர்பெற்றுவிடும். அதனால்தான் பொறியாளர் அப்பாக்கள் எல்லாரும் நேராக இங்கே வந்து விழுகிறார்கள். செப்டம்பர் முழுக்க அப்பா கராஜில் தனியாக ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருப்பார், பிள்ளைகள் உள்ளே ஐபேடில் இருப்பார்கள். குடும்பமாகச் செய்வது என்ற நோக்கம் அங்கேயே செத்துவிடும்.

கார் வைப்பர் மோட்டார் இந்த வட்டாரத்தில் பிரபலம். 12 வோல்ட்டில் ஓடும், 5 வோல்ட் கொடுத்தால் மெதுவாகச் சுற்றும், இழுவிசை அபாரம். மண்ணிலிருந்து எழுந்துவரும் பிணத்தை முன்னும் பின்னும் ஆட்ட அது போதும். ஆனால் அதே இழுவிசை ஒரு குழந்தையின் விரலையும் நசுக்கும். மூடி போடாமல் ஓட்டக் கூடாது. அமுக்கக் காற்றில் திடீரென்று எகிறும் பேய்களை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை. குறிப்பாக, காற்றை அடைக்கச் சாதாரண பி.வி.சி. குழாயைப் பயன்படுத்தச் சொல்லும் வீடியோக்களை நம்பாதீர்கள். அழுத்தத்தில் அது வெடித்தால் சில்லுசில்லாகச் சிதறும்.

குடும்பத்துக்கு ஏற்றது கிறிஸ்துமஸ் மான். வாசலில் வைக்கும் விளக்கு மான்களில் சில தலையை இப்படியும் அப்படியும் திருப்புமே, அதற்குள் ஒரு குட்டி மோட்டார் இருக்கும். மெதுவானது, பலமில்லாதது, விரல் மாட்டினாலும் தானே நின்றுவிடும். விளக்கு எரியாமல் போன மான்களை ஜனவரியில் குப்பையோடு வெளியே வைப்பார்கள். அந்த மோட்டாரைக் கழற்றி, காகிதக்கூழ்த் தலையின் கழுத்தில் பொருத்தினால், வருகிறவர்களை நிதானமாகத் திரும்பிப் பார்க்கும் பூசணித்தலை கிடைக்கும். பன்னிரண்டு வயதுக்காரரே பொருத்தலாம். தலை லேசாக இருந்தால்தான் அந்த மோட்டார் சுமக்கும் என்பதால், காகிதக்கூழ் இங்கே இன்னொரு முறை ஜெயிக்கிறது.

வெளியில் மின்சாரம் எடுப்பதாக இருந்தால் ஈரத்தில் தானே துண்டித்துக்கொள்ளும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக்கும், வெளிப்புறத்துக்கான ஒயரும் கட்டாயம். ஒயர் நடைபாதையைக் குறுக்கே கடக்கக் கூடாது.

புகைக்கு இரண்டு வரி போதும். புகை இயந்திரம் வாங்கி, ஐஸ் நிரப்பிய பெட்டி வழியாகப் புகையை விட்டால் குளிர்ந்து தரையோடு தவழும். இன்னொரு வழி உலர் பனிக்கட்டி, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடு; அது மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். வெறும் கையால் தொட்டால் தோல் போய்விடும், மூடிய அறையிலோ காரிலோ மூச்சுமுட்டும். காற்றடித்தால் இரண்டும் வீண் என்பதால், ஆபத்தில்லாத முன்னதே போதும்.

வேஷம்

வாசலுக்குச் செய்வது ஒரு இடத்தில் நிற்கும். வேஷம் இரண்டு மணி நேரம் நடக்கும், படியேறும், காரில் உட்காரும், பாத்ரூம் போகும். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

அட்டைப்பெட்டி ரோபோதான் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது. இலவசம், பிள்ளைகளே செய்வார்கள், போட்டோவில் பிரமாதமாக இருக்கும். போட்டுக்கொண்டு நடக்கும்போது கை இரண்டும் பெட்டிக்கு வெளியே விறைத்து நிற்கும், மிட்டாய்ப் பையைப் பிடிக்க முடியாது, பார்வைக்குக் கீழே படி தெரியாது, தூறல் விழுந்தால் முழங்காலுக்கு மேல் கூழாகிவிடும். பெட்டியை இடுப்புக்கு மேல் நிறுத்தி, தோளில் பழைய பெல்ட்டை வார் கட்டி, முன்பக்கத்திலேயே ஒரு மிட்டாய்த் துளை அறுத்துவிட்டால் ஓரளவு சமாளிக்கலாம். பள்ளி அணிவகுப்புக்கு மட்டும் என்றால் அட்டையே போதும்.

ஈ.வி.ஏ. ஃபோம், அதாவது உடற்பயிற்சி அறையில் தரையில் கோர்க்கும் பாய், கவசம் கேட்கும் பிள்ளைகளுக்கு உகந்தது. லேசானது, மழையில் நனையாது, அண்ணன் போட்டதைத் தம்பி போடலாம். கூர்கத்தியும், காண்டாக்ட் சிமென்ட் என்ற பசையின் நெடியும், ஹீட் கன்னும் இருப்பதால் பெரியவர் வேலை அதிகம். மாதிரியைக் காகிதத்தில் வரைந்து வெட்டுவதும் பெயின்ட்டும் பிள்ளைகளுக்கு. காற்றுப் புகாது என்பதால் டெக்சாஸ், ஃபுளோரிடாவில் வேர்த்துக் கொட்டும்.

தைக்கத் தெரிந்த வீட்டில் துணிதான் ராஜா. பழைய மல் வேட்டியை டீத் தண்ணீரில் ஊறவைத்து, கிழித்து, அடுக்கடுக்காகப் பின் குத்தினால் கடையில் விற்கும் பேய்த்துணியைவிட நன்றாக விழும். மெல்லிய பருத்தி நெருப்பை உடனே பற்றும் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த வீட்டுப் பூசணிக்குள் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கலாம். தரையில் புரளாமல் கணுக்காலுக்கு மேலே வெட்டி, கை விரிவைக் குறையுங்கள். உங்கள் பூசணிக்குள் எல்.இ.டி. வையுங்கள்.

வடக்கு மாநிலங்களில் எல்லா வேஷத்துக்கும் எமன் ஜாக்கெட்தான். கஷ்டப்பட்டுத் தைத்ததன்மேல் அம்மா ஒரு பஃபி ஜாக்கெட்டை மாட்டி ஜிப்பை இழுத்துவிட்டால் ராட்சசனும் இளவரசியும் ஒன்றுதான். வேஷத்தை முதலிலிருந்தே ஒரு சுற்றுப் பெரிதாகச் செய்து, உள்ளே ஸ்வெட்டரும் தெர்மலும் போட இடம் விடுவதுதான் வழி.

முகமூடியா பெயின்ட்டா என்றால், நடக்கும் பிள்ளைக்கு முகப் பெயின்ட். 1975 முதல் 2016 வரையிலான விபத்துத் தரவுகளை அலசி ஜாமா பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, ஹாலோவீன் மாலையில் பாதசாரிகள் வாகனம் மோதி இறக்கும் அபாயம் மற்ற மாலைகளைவிட 43 சதவீதம் அதிகம். பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் எதுவும் வேண்டாம். கறுப்பு வேஷமானால் முதுகில் ஒளி பிரதிபலிக்கும் டேப் ஒட்டுங்கள். டீனேஜர்கள் கேட்கும் கலர் கான்டாக்ட் லென்ஸை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்பதே அமெரிக்காவில் சட்டவிரோதம்.

எதை எடுப்பது

பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள், செப்டம்பரிலேயே ஆரம்பிக்க முடியும் என்றால், காகிதக்கூழ்த் தலைகள் இரண்டு மூன்று, கம்பில் பழைய சட்டை மாட்டி நிறுத்தியது. வேஷம் துணியில். சேமிக்க முடியாவிட்டால் நவம்பரில் தூக்கிப் போடுங்கள். காகிதம்தானே, போன செலவு மைதாவோடு சரி.

பெரிய பிள்ளைகள் இருந்தால், பல வருஷம் சேர்த்துக்கொண்டே போகும் எண்ணமும் இருந்தால், ஃபோம் கல்லறை. வருஷத்துக்கு ஒரு பலகை வாங்கினால் மூன்றாம் வருஷம் வாசல் நிறைந்துவிடும். மான் மோட்டாரை இரண்டாம் வருஷத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

காலண்டரில் அக்டோபர் 15 தாண்டிவிட்டது என்றால் காகிதக்கூழை மறந்துவிடுங்கள், காயாது. இரண்டு எலும்புக்கூடு, ஒரு பிளாஸ்டிக் தாள், ஒரு டப்பா ஸ்டெயின், கீழிருந்து ஒரு பச்சை விளக்கு. மூன்று வயதுக் குழந்தைகளும் வருவார்கள் என்பதால் மிட்டாய்க் கிண்ணத்தை எலும்புக்கூட்டின் மடியில் வைக்காமல் வெளிச்சமான படியில் வையுங்கள். எலும்புக்கூட்டை இன்னும் வாங்கவில்லை, இந்த வருஷம் முடியவும் முடியாது என்றால், நவம்பர் 1 காலை கடைக்குப் போங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும்.